மூங்கில் சட்டைக்குள் நேசமணி

மேஜை மேல் கிடந்த அங்கியின் வலது கை உருகிப் போயிருந்தது. எரிந்திருந்தால் ஷியாமளா அதை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். துணி என்றால் எரியும், கருகும், சாம்பலாகும். இது ஓரமெல்லாம் கறுத்துக் கெட்டியாகி, நகத்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் கொடுத்தது.

"சேச்சி, இது உடுப்பா, பக்கெட்டா?" என்றான் நேசமணி.

கேரள எல்லையூரான பாறசாலையின் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது ஷியாமளாவின் துப்பறியும் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் மேலதிகாரியின் கிளெய்மையே பிடித்துவிட்டாள். கம்பெனி அவளைப் பாராட்டி வீட்டுக்கு அனுப்பியது. நேசமணி அவளுடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவான், வாய் ஓயாமல் பேசுவான், கீழேயிருந்து பஃப்ஸ் வாசனை வந்தால் எந்தக் கொலைக் கேஸையும் பாதியில் விட்டுவிட்டுப் படியிறங்கிவிடுவான்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் ஜெஸ்னா. குன்னத்துகாலில் தையல் யூனிட் நடத்துகிறவள். அவளை நம்பி அங்கே இன்னும் சில பெண்கள் மெஷின் மிதிக்கிறார்கள். கையிலிருந்த கைக்குட்டையை அவள் பிழிந்த பிழியில் அதில் தண்ணீர் இருந்திருந்தால் தரை நனைந்திருக்கும்.

"லீலாபாய் டீச்சருக்க அங்கியாக்கும் இது," என்றாள். "போன ஞாயிறு எங்க கோயில்ல பாடகர் ஆராதனை. எல்லாரும் மெழுகுவத்தி பிடிச்சிட்டு வரிசையா வந்தோம். டீச்சருக்க கையில தீ லேசா பட்டுது. அவ்வளவுதான், துணி உருகி மணிக்கட்டில ஒட்டிப் பிடிச்சிட்டு. உரிச்சப்பம் தோலும் கூடவே வந்துட்டு, சேச்சி."

"துணி யாருக்கது?"

"நெய்யாற்றின்கரையில பச்சோலை எக்கோ வேர்னு ஒரு கடை உண்டு. மூங்கில் துணின்னு சொல்லிக் கொடுத்தது அவங்க. தைச்சது நான்."

குன்னத்துகால் கிறிஸ்தவ சபை பச்சை வழிக்கு மாறிய புதிது. சபை விருந்தில் பிளாஸ்டிக் தம்ளர் ஒழிந்தது, தோரணம் தென்னங்குருத்துக்கு மாறியது. அந்த உற்சாகத்திலேயே பாடகர் குழுவுக்கும் மூங்கில் அங்கி வாங்கியிருந்தார்கள். மண்ணுக்குக் கேடில்லை, உடம்புக்குக் குளிர்ச்சி, மனசாட்சிக்கு நிம்மதி என்று கடைக்காரர் சொன்னார். மணிக்கட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

"இப்பம் அந்தக் கடைக்கார ஆதித்யன் சொல்லுதான், அவன் அசல் மூங்கில் துணிதான் தந்தானாம். நான் அதை எடுத்து மறைச்சிட்டு, மலிவுத் துணியில தைச்சிக் கொடுத்தேனாம். சாயங்காலம் கோயில் ஹாலில கமிட்டி கூடுது. அவனும் வாறான். அங்கேயிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனாம்." ஜெஸ்னா கைக்குட்டையை மறுபடி பிழிந்தாள். "துணி களவெடுத்தவன்னு ஒரு பேரு விழுந்தா, எனக்க கையில பிறகு ஒரு ஜாக்கெட் துணி தருவாங்களா? யூனிட்டைப் பூட்ட வேண்டியதுதான்."

ஷியாமளா அங்கியை மடித்து வைத்தாள். "ஒரே ஒரு கேள்வி. துணி உனக்க கையில வந்தப்பம், அது என்ன துணின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சேச்சி."

கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. ஷியாமளா அவளை ஒரு கணம் பார்த்தாள். "செரி. நீ போ. சாயங்காலம் ஹாலில பாப்போம்."

ஜெஸ்னா படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் நேசமணி சொன்னான்: "தையல்காரிக்குத் துணி தெரியாதாம். மீன்காரி மத்தியைப் பாத்து இது என்ன மீனுன்னு கேட்ட மாதிரி."

"அதை மனசில வை. ஆனா அவ கள்ளியில்ல."

"எப்பிடித் தெரியும்?"

"களவெடுத்தவ துப்பறியும் ஆளைத் தேடி வருவாளா? வக்கீலைத்தான் தேடிப் போவா. ஸ்கூட்டரை எடு. உனக்குச் சட்டை வாங்கணும்."

"எனக்கா?" நேசமணிக்குக் கண்ணில் ஈரம் தட்டியது. "சேச்சி, எனக்கு உடுப்பு எடுத்துத் தாற முதல் பெண்ணு நீங்கதான்."

*

பச்சோலை எக்கோ வேர் கடைக்குள் நுழைந்ததும் குளிர் மூஞ்சியில் அடித்தது. ஏசியை மூணாறு அளவுக்கு வைத்துவிட்டு, சுவரில் 'பூமி சூடாகிறது, கவனம்' என்று எழுதியிருந்தார்கள். சணல் திரை, மர ஹேங்கர், மூங்கில் கூடை. மூலைக்கு மூலை தொட்டியில் செடி. நேசமணி ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தான். அது கிள்ள வரவில்லை.

"பிளாஸ்டிக்," என்று காதில் சொன்னான். "தண்ணி விடாண்டாம். தூசு தட்டினா போதும்."

ஆதித்யன் கும்பிட்டபடி வந்தான். முப்பது வயசுக்காரன், ஒழுங்காகக் கத்தரித்த தாடி, பெங்களூரில் படித்த மார்க்கெட்டிங். அவன் போட்டிருந்த சட்டை மட்டும் அங்கங்கே நன்றாகக் கசங்கியிருந்தது. கடையில் தொங்கிய சட்டைகளில் ஒன்றிலும் ஒரு சுருக்கம் இல்லை. ஷியாமளா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றாள்.

"வரணும் வரணும். சஸ்டெய்னபிளா ஏதாவது நோக்குறீங்களா?"

"பெண்ணு பாக்கப் போறேன்," என்றான் நேசமணி. "சஸ்டெய்னா நிக்கிற மாதிரி ஒரு சட்டை வேணும்."

ஆதித்யன் ஒரு இளம்பச்சைச் சட்டையை எடுத்து, குழந்தையை ஏந்துவது போல இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினான். "மூங்கில். நேச்சர் தந்த துணி. இதை உடுத்துனா நீங்க காட்டுக்கு நன்றி சொல்லுற மாதிரி."

"காட்டுக்குப் பிறகு சொல்லலாம். துவைச்சா சுருங்குமா?"

"ஒரு நூலிழை சுருங்காது."

"கஞ்சி முக்கணுமா?"

"தேவையே இல்ல."

"தேய்க்கணுமா?"

"கசங்குனாத்தானே தேய்க்கணும், சேட்டா?"

"சாயம் போகுமா?"

"உங்க பேரப்பிள்ளை உடுத்துவான், இதே கலரில."

நேசமணி தாடையைச் சொறிந்தான். "இப்பம் கர்க்கிடக மழை. எனக்க வீட்டில பருத்தி முண்டு துவைச்சுப் போட்டா அடுத்த மாசம்தான் உணங்குது. இது எப்பம் உணங்கும்?"

"துவைச்சு ஒரு உதறு உதறுங்க. டீ குடிச்சு முடியுறதுக்குள்ள உணங்கிடும்!"

விற்கிறவனின் வாய்க்கு எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று சொல்லியே பழக்கம். தண்ணீரைக் குடிக்காத துணி, சுருங்காத துணி, கசங்காத துணி என்று அவன் அடுக்கிய பெருமை அத்தனையும் எந்தத் துணிக்கு உரியது என்பதை அவன் யோசிக்கவில்லை. ஷியாமளா யோசித்துவிட்டு, சட்டையில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்தாள். பெரிய எழுத்தில் மூங்கில், பக்கத்தில் ஒரு இலை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கீழே எறும்பு எழுத்தில்: 'மூங்கிலைப் போன்ற மென்மை.'

"தம்பி, இதில என்ன நூல், எத்தனை சதவீதம்?"

"முழுக்க நேச்சுரல், சேச்சி. நூறு சதவீதம்."

"எட்டிக்காயும் நேச்சுரல்தான். நான் கேட்டது நூல்."

"அது... அது நம்ம சர்ட்டிஃபிக்கெட் பாருங்க." சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைக் காட்டினான். உலகப் பசுமை இலை மன்றம் என்று தங்க எழுத்தில் இருந்தது.

"நம்பர் இல்லியே? எங்க போய் சரிபார்க்கணும்? மன்றம் எந்த ஊரில இருக்கு?"

"ஆன்லைனில இருக்கு."

"யாரு நடத்துறது?"

ஆதித்யன் ஏசி ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான்.

இதற்குள் நேசமணி இன்னொரு சுவருக்குப் போயிருந்தான். அங்கே பெரிய போட்டோ. 'ஒரு உடை, ஒரு மரம். வெள்ளறடையில் எங்கள் வனம்.' மலைச்சரிவில் வெட்டிய படிகளில் இளஞ்செடிகள் வரிசை வரிசையாக நின்றன. முன்னால் ஆதித்யன் மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான். மண்வெட்டியில் மண் இல்லை.

"எலே, இந்தக் கன்னெல்லாம் ரப்பர் தையாக்கும்!"

"அது வனம்தான்," என்றான் ஆதித்யன்.

"வனத்தில மரம் ஸ்கூல் அசெம்பிளி மாதிரி வரிசையாவா நிக்கும்? பழைய ரப்பரை முறிச்சுத் தடிக்குக் கொடுத்துட்டு, புதுத் தை வச்சிருக்கு. எனக்க மாமனும் ஆரியங்கோட்டில இதேதான் செஞ்சாரு. ஆனா அவரு அதைச் சொல்லி ஒரு சட்டையும் விக்கல்ல."

ஆதித்யனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. அவன் கடையில் அன்றைக்குச் சுருங்கியது அது ஒன்றுதான். "உங்களுக்குச் சட்டை வேணுமா, வேண்டாமா?"

"வேணும்," என்றாள் ஷியாமளா. "பில் போட்டுக் கொடுங்க. அவன் இதை உடுத்திட்டே வருவான்."

*

ஸ்கூட்டர் நெய்யாற்றின்கரையைத் தாண்டுவதற்குள்ளேயே நேசமணி புலம்ப ஆரம்பித்துவிட்டான்.

"சேச்சி, வேர்க்குது. மூங்கில் குளிர்ச்சின்னானே? இதுக்குள்ள என்னை இட்டிலி மாதிரி வச்சு அவிக்குது. இடுப்பில வேற என்னவோ குத்திட்டே இருக்கு."

"ஓரமா நிறுத்து. காட்டு."

ஒரு பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினான். ஷியாமளா சட்டையின் பக்கத் தையலை உள்ளே திருப்பிப் பார்த்தாள். தையலுக்குள் ஒரு சின்னத் துணிச்சீட்டின் அடிக்கட்டை நின்றது. கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டியிருந்தார்கள். மிச்சம் நின்ற முனைதான் நேசமணியைக் குத்தியிருக்கிறது.

"எங்கேயோ தைச்ச ரெடிமேட் சட்டை, எலே. என்ன நூலுன்னு உண்மையை எழுதின சீட்டு இங்க இருந்திருக்கு. அதை வெட்டிட்டு, வெளியில இலை போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கான்."

"எனக்க இடுப்பு கண்டுபிடிச்ச முதல் துப்பு," என்றான் நேசமணி.

அவன் வாயை மூடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. எல்லைப் பக்கத்து மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. நிறுத்தத்தின் கூரை பாதி உடைந்திருந்ததால் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். மழை விட்டதும் கிளம்பினார்கள். குன்னத்துகால் வளைவில் ஷியாமளா திடீரென்று அவன் தோளைத் தொட்டாள்.

"எலே, உனக்க சட்டை உணங்கிட்டு."

"ஆமா. அந்த ஆதித்யன் சொன்னதில இது ஒண்ணு உண்மை."

ஷியாமளாவின் பருத்திச் சுடிதார் உடம்போடு ஒட்டிக்கொண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் குடிக்காதது பாலியஸ்டர்தான். அவள் சுடிதாரின் நுனியைப் பிழிந்தபடி யோசித்தாள். "கோயில்ல மீதி அங்கியெல்லாம் எங்க இருக்கும்?"

"மெழுகு போக அலசி, மத்தியானம் ஹால் வராந்தாவில தொங்கவிட்டிருக்காங்களாம். நான் போன் செஞ்சு கேட்டேன்."

"வேகம் விடு."

*

ஹால் வராந்தாவில் கொடி கட்டி, பாடகர் அங்கிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஒரே தந்த நிறம், ஒரே கழுத்து, ஒரே நீளம். மழைச் சாரல் விழுந்து தரையெல்லாம் ஈரம். ஷியாமளா முதல் அங்கியைத் தொட்டாள். உலர்ந்திருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாம் பப்படம் போல உலர்ந்திருந்தன. நேசமணி பின்னால் வந்து ஒவ்வொன்றையும் தன் சட்டையோடு சேர்த்து உரசிப் பார்த்தான்.

"கூடப் பிறந்தவங்க சேச்சி. கடைச் சட்டையும் இதுவும் ஒரே அம்மை பெத்த பிள்ளைகள். அப்பம் கேஸ் முடிஞ்சுது. கடையில தொங்கின சட்டையையும் ஜெஸ்னாவா மாத்தினா?"

கடைசி அங்கியில் ஷியாமளாவின் கை நின்றுவிட்டது. அது கனத்தது. பிழிந்தால் இன்னும் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. அதன் அடி மடிப்பை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கழுத்தின் உள்பக்கத்தைத் திருப்பினாள். மாறிப் போகாமலிருக்க ஒவ்வொரு அங்கியிலும் பாடகரின் பெயரை நூலால் தைத்திருந்தார்கள். இதில் ஆன்சி என்றிருந்தது.

"யாரு ஆன்சி?"

நேசமணியின் குரல் தணிந்தது. "ஜெஸ்னாவுக்க மகள்."

வராந்தா ஓரத்தில் ஜெஸ்னா நின்றுகொண்டிருந்தாள். ஷியாமளாவின் கையில் எந்த அங்கி இருக்கிறது என்று பார்த்ததும் அவளுக்கு முகம் வெளிறியது.

"காலையில தெரியாதுன்னு சொன்ன," என்றாள் ஷியாமளா.

ஜெஸ்னா மொத்தமாகக் கொட்டினாள். "முதல் அங்கியைத் தேச்சப்பமே தேப்புப்பெட்டியில ஒட்டிப் பிடிச்சு சேச்சி. பிளாஸ்டிக் கரியுற நாற்றம். அவனுக்குப் போன் போட்டேன். 'சேச்சி தையலை மட்டும் பாருங்க, முடியாதுன்னா தைக்க வேற ஆளு உண்டு'ன்னான். ஓணத்துக்கு அவனுக்க ஆர்டர் முழுக்க எங்களுக்குத் தாறேன்னு சொல்லியிருந்தான். வாயை மூடிட்டுத் தைச்சேன்."

"ஆன்சிக்கு மட்டும் வேற துணி?"

"மெழுகுவத்தி பிடிக்கப் போற பிள்ளையில்லியா சேச்சி..."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

"எல்லாரும் மெழுகுவத்திதானே பிடிச்சாங்க," என்றாள் ஷியாமளா. குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவளுக்குக் கோபம் வந்திருந்தது. ஏமாற்றுக்காரன் மேல் வரும் கோபம் அவளுக்குப் பழகியது. ஏமாந்தவளாக வந்து உட்கார்ந்தவள் மேல் வரும் கோபம் வேறு மாதிரி இருந்தது.

"இதை வெளிய எடுக்காதீங்க சேச்சி. உங்க காலைப் பிடிக்கேன்."

"கேளு. இந்த அங்கியை எடுக்காம அவன் வாயை முழுக்க அடைக்க எனக்கு முடியாது. எடுத்தா நீ கள்ளியில்லன்னு ஆகும். ஆனா உனக்குத் தெரியும்னும் ஆகும். எடுக்கணுமா வேண்டாமான்னு நீ சொல்லு. நான் கை வைக்க மாட்டேன்."

உள்ளே கமிட்டி கூடுவதற்கு மணி அடித்தார்கள்.

*

கமிட்டிச் செயலாளர் வேதமாணிக்கம் மேஜைக்குப் பின்னால் கரை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அதே போல வெள்ளை வேட்டியில் கமிட்டிக்காரர்கள். முன் பெஞ்சில் லீலாபாய் டீச்சர், வலது மணிக்கட்டில் கட்டு. ஆதித்யன் கழுத்தில் ஒரு கதர்த் துண்டு சேர்ந்திருந்தது. மத்தியானம் அது இல்லை.

"நான் வியாபாரத்துக்காக இதைச் செய்யல," என்று ஆரம்பித்தான். "பூமிக்காகச் செய்யுறேன். நான் தந்தது சுத்தமான மூங்கில். நம்பி ஒரு பெண்ணு கையில கொடுத்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

ஷியாமளா எழுந்தாள். "நேசமணி, நடுவில வா. அண்ணே, இவனுக்க சட்டையைத் தொட்டுப் பாருங்க."

வேதமாணிக்கம் தயங்கித் தொட்டார். நேசமணி புதுமாப்பிள்ளை போல நெளிந்தான்.

"இன்னைக்கு மத்தியானம் இந்தத் தம்பியோட கடையில வாங்கினது, பில் உண்டு. ரெண்டு பேரும் ஒண்ணா நனைஞ்சோம். எனக்க துணி இன்னும் சொட்டுது. இது வழியிலேயே உணங்கிட்டு. வெளிய தொங்குற அங்கியும் இதே மாதிரி. கடையில தொங்குற சட்டையையும் ஜெஸ்னா ராத்திரியில வந்து மாத்தி வச்சாளா தம்பி?"

ஹாலில் சலசலப்பு. ஆதித்யன் கதர்த் துண்டைச் சரிசெய்தான்.

"அது... அது ப்ளெண்டட் பேட்ச். கொஞ்சம் கலப்பு."

"மத்தியானம் நூறு சதவீதம்னீங்க," என்றான் நேசமணி. "நான் சாட்சி. எனக்க வேர்வையும் சாட்சி."

"இருக்கட்டும்! சட்டை வேற, கோயிலுக்குத் தந்த துணி வேற. அது ஸ்பெஷலா வரவழைச்சது. அதைத்தான் இந்தப் பெண்ணு எடுத்திருக்கு. இல்லன்னு நிரூபிக்கட்டும்!"

வேதமாணிக்கம் நெற்றியைத் தேய்த்தார். பேச்சு அவன் பக்கமும் சாயலாம் போலிருந்தது. சுத்தம், பூமி, ஸ்பெஷல் என்ற வார்த்தைகளுக்குக் கமிட்டிகளில் எப்போதும் நல்ல மரியாதை உண்டு. "ஜெஸ்னா, உனக்குச் சொல்ல ஏதாவது உண்டா பிள்ளே?"

ஷியாமளா ஜெஸ்னாவைப் பார்த்தாள்.

ஜெஸ்னா எழுந்தாள். வராந்தாவுக்குப் போனாள். அந்த ஈர அங்கியோடு திரும்பி வந்து, அதை மேஜை மேல் வைத்தாள். தண்ணீர் மேஜையிலிருந்து தரைக்குச் சொட்டியது. "இது எனக்க மகளுக்க அங்கி. இது மட்டும் வேற துணி."

ஆதித்யன் பாய்ந்து வந்து அங்கியைத் தூக்கினான். கசக்கினான், முகர்ந்தான். அவன் முகத்தில் லாட்டரி அடித்த வெளிச்சம். "பாத்தீங்களா! இதுதான்! இதுதான் என் துணி! அசல் மூங்கில்!"

"நல்லா பாத்துச் சொல்லுங்க தம்பி," என்றாள் ஷியாமளா. "மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நீங்க தந்த துணிதானா இது?"

"என் துணி எனக்குத் தெரியாதா? அஸ்ஸாமில காட்டுக்குள்ள போய் நானே செலக்ட் செஞ்சது. இந்த மென்மை, இந்தக் கனம், இந்த நேச்சுரல் டெக்ஸ்ச்சர்! கண்ணைக் கட்டி விட்டாலும் சொல்லுவேன். எந்தக் கோர்ட்டிலயும் சத்தியம் செய்வேன். மகளுக்கு மட்டும் அசலில தைச்சிட்டு, மத்தவங்களுக்குப் போலியைக் கொடுத்திருக்கா!"

"எல்லாரும் கேட்டீங்கல்லா?" ஷியாமளா உட்கார்ந்துவிட்டாள். "ஜெஸ்னா, அடி மடிப்பைப் பிரி."

ஜெஸ்னா இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியை எடுத்துத் தையலைக் கிழித்தாள். மடிப்பு விழுந்தது. உள்ளே மறைந்திருந்த ஓரம் வெளியே வந்தது. தந்த நிறத் துணியின் விளிம்பில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு கறுப்புக் கரை.

ஹாலில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் இடுப்புக்குக் கீழே பார்த்தார்கள்.

"சஜுவுக்க முண்டு," என்றாள் ஜெஸ்னா. "எனக்க மாப்பிளைக்கு ஓணத்துக்கு எடுத்த முண்டு."

முதலில் சிரித்தவர் வேதமாணிக்கம்தான். தன் வேட்டியின் கறுப்புக் கரையை எடுத்து மேஜை மேல் போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நேசமணி கையைக் கூப்பினான். "அண்ணே, கமிட்டி முழுக்க அஸ்ஸாம் மூங்கிலாக்கும் உடுத்தியிருக்கு. பைய இருங்க, முளைச்சிரும்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ஆதித்யன் 'டெக்ஸ்ச்சர்' என்று ஏதோ சொல்லப் பார்த்தான். யாரும் விடவில்லை.

"உனக்க துணியையும் உனக்குத் தெரியல்ல, முண்டையும் உனக்குத் தெரியல்ல," என்றார் வேதமாணிக்கம். "நீ என்னவாக்கும் விக்கிற? அட்டையா? ஸ்டேஷனுக்கு நீ போகாண்டாம். நுகர்வோர் கோர்ட்டுக்கு நாங்க வாறோம். டீச்சருக்க உருகின அங்கியும் இந்தப் பையனுக்க சட்டையும் அங்க பேசும்."

ஆதித்யன் கதர்த் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனான். யாரோ பின்னாலிருந்து "மரம் நடு மக்கா" என்றார்கள். மறுபடி சிரிப்பு.

லீலாபாய் டீச்சர் சிரிக்கவில்லை.

அவர் எழுந்து மேஜைக்கு வந்தார். இடது கையால் அந்த ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜெஸ்னாவைப் பார்த்தார்.

"மக்கா, உனக்க பிள்ளைக்கு மட்டும் ஏன் முண்டில தைச்ச?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது மெதுவாக எல்லோருக்கும் எட்டியது. பாடகர் குழுவில் பிள்ளைகள் இருந்த தாய்மார் சிலர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நேசமணி ஷியாமளாவைத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று அவன் கண் கெஞ்சியது. அவள் அசையவில்லை. களவுப் பழியைத் துடைப்பதுதான் அவள் ஏற்ற கேஸ். இது அவள் துடைக்கக் கூடியதல்ல, துடைக்க அவளுக்கு மனசும் இல்லை.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றாள் ஜெஸ்னா. தலை குனியவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டில் இறங்கியது. "தேச்சப்பமே தெரியும். தீ பட்டா உருகும்னும் தெரியும். சொன்னா ஓண ஆர்டர் போயிரும்னு பயந்து சொல்லல்ல. எனக்க பிள்ளையை மட்டும் நெனச்சேன். களவெடுக்கல்ல டீச்சர். ஆனா இது நான் செஞ்சது."

அவள் முன்னால் வந்து டீச்சரின் கட்டுப்போட்ட கையைப் பிடிக்கப் போனாள். டீச்சர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தொடாதே. இன்னும் வலிக்குது."

வேதமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "டீச்சர், புது அங்கி தைக்க வேற ஆளைப் பாப்போம்."

"என்னத்துக்கு?" என்றார் லீலாபாய். "இவளே தைக்கட்டு. இவளுக்குத்தான் எது நல்ல துணின்னு நல்லா தெரியும்." ஈர அங்கியை எடுத்து ஜெஸ்னாவின் கையில் கொடுத்தார். "உனக்க பிள்ளைக்கு எடுத்த மாதிரி எல்லாருக்கும் எடு."